கச்சேரிக் கணக்கில் வராத கரை



இன்று பட்டம் வாங்கும் உங்களில் அரைவாசிப் பேருக்கு மேல் அரச உத்தியோகத்தைத்தான் மனதில் வைத்திருப்பீர்கள். அதில் குற்றமில்லை. நம் வெருகலில் ஒரு வீட்டுக்கு மாதச் சம்பளம் வந்தால், போகம் பொய்த்தாலும் அடுப்பு எரியும். நீங்கள் போய் இருக்கப்போகும் கதிரைகளை முதலில் போட்டவர்கள் யார், அந்தத் திணைக்களங்கள் யாரிடம் காசு வாங்கி எங்கே செலவழித்தன என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். பயப்பட வேண்டாம், சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடுவேன்.

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று திருகோணமலை என்று சின்ன வகுப்பிலேயே படித்துவிட்டோம். அப்படியானால் 1875-இல் வேல்ஸ் இளவரசரைக் கொண்டு கல் நடுவித்து, பத்து வருடமாகக் கடலுக்குள் அலைத்தடுப்புக் கட்டி, கொழும்பில் ஒரு செயற்கைத் துறைமுகத்தை ஏன் உண்டாக்கினார்கள்? கோப்பி விளைந்தது மலைநாட்டில். 1867-இல் கண்டியை எட்டிய புகையிரதம் அந்தக் கோப்பியைக் கொண்டுபோய் இறக்கியது கொழும்பில். திருகோணமலையோ பிரித்தானியக் கடற்படைக்கு வேண்டிய இடம். போர்க்கப்பல் நிற்க ஆழமான தண்ணீர் போதும், பின்னால் செழிப்பான ஊர் வேண்டுமென்றில்லை. புகையிரதம் இங்கே வந்தது 1927-இல், கண்டிக்கு அறுபது வருடம் பிந்தி. சீனன்குடாவில் கடற்படைக்கான எண்ணெய்த் தாங்கிகள் எழும்பிய காலமும் அதுதான்.

இலங்கையில் நின்ற படைக்கான செலவிலும் ஒரு பங்கை இலங்கையின் வரவிலிருந்தே லண்டன் கேட்டு வாங்கியது. இதை எதிர்த்து 1864-இல் சட்டவாக்கக் கழகத்தின் உத்தியோகச் சார்பற்ற உறுப்பினர் சிலர் பதவி துறந்தார்கள். உடனே அவர்களை ஏழைகளின் தோழர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஜோர்ஜ் வோல் ஒரு வர்த்தகர். தோட்டங்களுக்கு வீதி போடவேண்டிய காசு சிப்பாய்க்குப் போகிறதே என்பதுதான் அவர்களுடைய கோபம்.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது? சுங்கம், சாராயக் குத்தகை, உப்பு, பிறகு புகையிரதம். 1848-இலிருந்து, பதினெட்டு வயதுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் வருடத்துக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்டவேண்டும் என்று இருந்தது. இவற்றுக்கெல்லாம் மேலே நெல்வரி. விளைச்சலில் பத்திலொன்று என்பது பொது விதி. களத்துமேட்டில் நின்று அதை அளந்து எடுக்கும் உரிமையைக் குத்தகைக்காரருக்கு ஏலத்தில் விற்றார்கள். கோப்பித் தோட்டக் காணிக்கு அப்படியொரு நிலவரி இருக்கவில்லை. குத்தகைக்காரரின் அட்டகாசத்தை நிறுத்துகிறோம் என்று 1878-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி நெல்லுக்குப் பதிலாக வருடாவருடம் குறித்த தொகையைக் காசாகக் கட்டவேண்டும். காகிதத்தில் பார்த்தால் நல்ல சீர்திருத்தம். ஆனால் மழை பொய்த்த வருடமும் தொகை தொகைதான். கட்ட முடியாதவனின் வயல் ஏலத்துக்குப் போனது. 1880-களில் மலைநாட்டு வலப்பனைப் பக்கத்தில் குடும்பம் குடும்பமாக நிலமிழந்தார்கள், பட்டினியால் செத்தவர்களும் உண்டு.

இதை வெளியே கொண்டுவந்தவர்களில் ஒருவர் லெ மெசூரியே என்ற உதவி அரசாங்க அதிபர். வரி அறவிட்ட அதே கச்சேரியின், அதாவது மாவட்ட நிர்வாக அலுவலகத்தின், ஆள். எந்த வயல் எவ்வளவு நிலுவைக்கு விற்கப்பட்டது என்ற கணக்கு அவர் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது, அதை மனிதக் கணக்காக அவர் வாசித்தார். படைச் செலவுக்காகச் சண்டை பிடித்த ஜோர்ஜ் வோலும் இந்த முறை உழவன் பக்கம் நின்று எழுதினார். 1893 தொடக்கம் நெல்வரி இல்லாமற் போயிற்று.

இனிக் குளம். 1856-இல் ஆளுநர் வார்ட் நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்தார், நம் கிழக்கு மாகாணத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. 1870-களில் கந்தளாய்க் குளம் திருத்தி முடிந்தது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் 1887-இல் மத்திய நீர்ப்பாசனச் சபையை அமைத்து, நெல்வரியில் கால் பங்கை நீர்ப்பாசனத்துக்கென்று ஒதுக்கினார். 1900-இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியாகவே பிரிந்தது. நல்ல வேலைகள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கந்தளாயில் நடந்ததைக் கேளுங்கள். தண்ணீர் வந்தது, ஆட்கள் வரவில்லை. காய்ச்சற்காடு. வருகிறவனுக்கு வீடில்லை, உழவுமாடில்லை, முதல் அறுவடைவரை சாப்பிட நெல்லில்லை. கட்டும் மதகும் ஒரு திணைக்களத்தின் வேலை, மனிதன் எந்தத் திணைக்களத்தின் வேலையும் அல்ல. ஆகவே குளம் நீண்ட காலம் நட்டக் கணக்காகவே கிடந்தது. போட்ட முதலுக்கு என்ன வருமானம் என்று குளத்தைக் கேட்டார்கள். அந்தக் கேள்வியைப் படைச் செலவிடம் கேட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் பக்கத்து வயல்வெளிகளில் வாய்க்கால் துப்புரவு, தண்ணீர்ப் பங்கீடு, வேலிக் காவல் எல்லாவற்றையும் பார்த்தவர் வட்டை விதானை. அவருக்குக் கூலியாக உழவர்கள் நெல் கொடுத்தார்கள். திணைக்களத்தின் வருடாந்த அறிக்கை பேசிய வேலைகளை நடத்திவைத்த உழைப்பில் பெரும்பகுதி அந்த அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நாணயத்தைப் பற்றி இரண்டே வசனம் சொல்கிறேன். கோப்பி அழிந்து 1884-இல், நோட்டு வெளியிட்டுவந்த ஒரியண்டல் வங்கி முறிந்த பிறகு, அரசாங்கமே நோட்டு அடித்தது, ஆனால் அதற்கு ஈடான சொத்தில் கணிசமான பங்கு வெளிநாட்டுப் பத்திரங்களில் கிடந்தது. 1950-இல் மத்திய வங்கி வரும்வரை, குளம் திருத்தக் காசில்லாத நாடு லண்டனுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது என்றே பொருளியல் படித்தவர்கள் இதைச் சொல்லுவார்கள்.

எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட்டு நான் இறங்கிப் போகலாம், நீங்களும் கைதட்டுவீர்கள். ஆனால் மட்டக்களப்பு வீதியில் ஆறும் களப்பும் குறுக்கிட்ட இடமெல்லாம் ‘பாதை’ என்னும் மிதவையில் ஏறிக் கடந்தவர்கள் உங்கள் அம்மா அப்பாமார். நோயாளியும் நெல் மூட்டையும் திருவிழாவுக்கு வெருகல் முருகனிடம் வந்த சனமும் அதே பாதைக்குத்தான் காத்து நின்றார்கள். கிண்ணியாப் பாலம் 2009-இல் திறக்கப்பட்டது, வெருகல் பாலம் அதற்கும் பிறகு. சுதந்திரம் 1948-இல். இடையில் யுத்தம் இருந்தது உண்மை, ஆனால் யுத்தத்துக்கு முந்திய முப்பத்தைந்து வருடத்தையும் யாராவது கணக்கில் காட்டவேண்டும். கதிரையில் ஆள் மாறினார், பேரேட்டின் தலைப்புகள் மாறவில்லை.

உங்களுக்கு நாளைக்கே உதவக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். நமது நிதியாண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. செலவழியாத ஒதுக்கீடு அதோடு திரும்பிப் போகும். கிழக்கில் மாரி அதற்கு முன்னரே தொடங்கிவிடும். வாய்க்கால் வெட்டவும் குளக்கட்டில் மண் போடவும் ஏற்றது ஆற்று மணல் வெளியே தெரியும் மாதங்கள். கொழும்பிலிருந்து அனுமதியும் காசும் பிந்தி வந்தால், வெருகல் கங்கை கரைபுரளும் நேரத்தில் ஒப்பந்தக்காரர் சேற்றுக்குள் மண் கொட்டுவார், படம் எடுப்பார், பட்டியல் கொடுப்பார், கணக்காய்வும் கையெழுத்து வைக்கும். சட்டப்படி ஒரு பிழையும் இல்லை.

பிரதேச செயலகத்துக்கோ நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ போகிறவர்கள், முதல் வருடமே ஒவ்வொரு வேலைக்கும் காசு வந்த திகதியையும் அந்த வாரம் ஆற்றில் நின்ற நீர்மட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். அதற்கு மேலதிகாரியின் அனுமதி தேவையில்லை, ரூல் கொப்பி ஒன்று போதும். மூன்று வருடம் எழுதியபிறகு அதைக் கோப்பில் இணைத்து மேலே அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நாலாம் வருடத்தையும் சேர்த்துத் திரும்ப அனுப்புங்கள்.