1997 ஜூலை 17: மகிழ்ச்சியும் கடமையும்

(கரமனையில் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

குடியரசுத் தலைவர் தேர்தலில் நமக்கு நேரடி வாக்கு இல்லை. நாம் தேர்ந்தெடுத்து அனுப்பும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களே வாக்களிக்கின்றனர். 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி, கேரளச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரது வாக்கின் மதிப்பு 152, தமிழ்நாட்டில் 176. இத்தகைய தேர்தலின் முடிவைக் கேட்டுச் சாதாரண மக்கள் கண்கலங்குவது அரிது. 1997 ஜூலை 17 அன்று அது நிகழ்ந்தது. கே.ஆர். நாராயணன் 9,56,290 வாக்கு மதிப்பு பெற்றார். எதிர்த்து நின்ற டி.என். சேஷனுக்குக் கிடைத்தது 50,631. தலித் ஒருவர் முதன்முறையாக நாட்டின் தலைமைப் பதவிக்கு வந்தார்.

சாலைக் கடைவீதியில் சுமை தூக்கும் நம் தோழர் ஒருவர் அன்று சொன்னார்: "எனக்கு அதிலே ஓட்டு இல்லை தோழரே. ஆனாலும் நானே ஜெயிச்ச மாதிரி இருக்கு." இந்த உணர்ச்சியை நாம் எவ்வாறு மதிப்பிடுவது?

அதன் வேர் இந்த மண்ணில் இருக்கிறது. பொதுச்சாலையில் நடக்கும் உரிமைக்காக 1893இல் அய்யன்காளி வில்வண்டி ஓட்டிச் சென்றது இதே திருவிதாங்கூரில்தான். கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936இல். அப்போது உழவூரின் கூரை வீட்டுச் சிறுவன் நாராயணன், பல மைல் நடந்து பள்ளிக்குச் சென்று கொண்டிருந்தார். கட்டணம் கட்ட இயலாதபோது வகுப்பறைக்கு வெளியே நின்று பாடம் கேட்டார். அவரே 1943இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்றார். ஆகவே, அந்தச் சுமைத் தொழிலாளியின் பெருமிதம் தனிமனித வழிபாடு அன்று. தலைமுறைகளின் அவமானத்திற்கு வரலாறு அளித்த ஒரு பதில் அது.

நாராயணன் நம் கட்சிக்காரர் அல்லர். ஒற்றப்பாலத்தில் மூன்று முறை காங்கிரஸ் வேட்பாளராக நின்று, மூன்று முறையும் இடதுசாரி வேட்பாளர்களைத் தோற்கடித்தவர். ஆயினும் 1992இலேயே அவரைக் குடியரசுத் தலைவராக்க வேண்டும் என்ற வி.பி. சிங்கின் கருத்துக்கு இடதுசாரிகள் துணை நின்றனர். காரணம், அவர் பிறப்பு மட்டுமன்று. அரசியல் சட்டத்தின்பால் அவர் கொண்டிருந்த பற்று.

அதே நாட்களின் மற்றொரு நிகழ்வை மறந்துவிட்டு இந்த மகிழ்ச்சியைப் பேசுவது நேர்மையாகாது. தேர்தல் முடிவுக்குச் சரியாகப் பதினேழு நாட்களுக்கு முன், ஜூன் 30 அன்று, மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தோரும் பேருந்து வழிமறிக்கப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டனர். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் போட்டியிட்டு வென்றதே அவர் செய்த 'குற்றம்'. நாட்டுக்குத் தலித் ஒருவர் தலைவராக முடிந்தது. ஓர் ஊருக்குத் தலைவராக இருக்க முடியவில்லை. நிலமும் சாதியும் அதிகாரமும் ஒரே கையில் குவிந்திருக்கும் கிராமத்தை, தில்லியின் தேர்தல் முடிவு தானாக மாற்றிவிடாது.

அப்படியானால் அந்தப் பதவியால் பயனே இல்லையா? உண்டு, அமர்பவரைப் பொறுத்தது அது. உத்தரப்பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர 1997இல் ஐக்கிய முன்னணி அரசு அனுப்பிய பரிந்துரையை நாராயணன் திருப்பி அனுப்பினார். 1998இல் பீகார் தொடர்பான வாஜ்பாய் அரசின் பரிந்துரையையும் திருப்பினார். அரசியல் சட்டத்தை மறுஆய்வு செய்யப் பாஜக முனைந்தபோது, நம்மைக் கைவிட்டது சட்டமா, சட்டத்தைக் கைவிட்டது நாமா என்று 2000 ஜனவரியில் நாடாளுமன்ற மைய மண்டபத்திலேயே வினவினார். 2002இல் குஜராத் எரிந்தபோது பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அவர் பதவி விலகும் வேளையில் இடதுசாரிகள் கேப்டன் லட்சுமி சாகலைக் களமிறக்கினர். தோல்வி உறுதி என்று அறிந்தே கொள்கைக்காகப் போட்டியிட்டோம்.

இன்று பாஜக, ராம்நாத் கோவிந்தையும் திரௌபதி முர்முவையும் காட்டிச் சமூக நீதி பேசுகிறது. முர்முவின் வெற்றி கண்டு பழங்குடி மக்கள் அடைந்த மகிழ்ச்சியை நாம் ஏளனம் செய்யலாகாது, அது நியாயமானது. ஆனால், 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தைக் குடியரசுத் தலைவர் இன்றிப் பிரதமரே திறந்துவைத்ததை அம்மக்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். பழங்குடியினரின் வன உரிமைகளை நலிவடையச் செய்யும் வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் அதே ஆண்டில் நிறைவேறியதையும் சொல்ல வேண்டும். அடையாளத்தைக் கொடுத்து உரிமையைப் பறிப்பதே அவர்களின் உத்தி.

2006இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்ததும், 2008இல் உத்தப்புரத்துத் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டதும் மேலிருந்து வந்த வரங்கள் அல்ல. மக்களைத் திரட்டிப் போராடியதன் பலன்கள்.

தோழர்களே, மக்கள் மகிழும்போது நாமும் அவர்களோடு மகிழ்வோம். அந்த மகிழ்ச்சியை நிலத்துக்கும் கூலிக்கும் கல்விக்கும் சுயமரியாதைக்குமான இயக்கமாக வளர்ப்போம். மேலவளவுகள் இல்லாத இந்தியாவில்தான் 1997 ஜூலை 17இன் வெற்றி முழுமை பெறும்.