ஆளாக்கிய செலவு யாருடையது?

(மூங்கில்துறைப்பட்டில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற பொழிவு)



தென்பெண்ணைக் கரையில் அமைந்தது இம் மூங்கில்துறைப்பட்டு. இங்குள்ள கூட்டுறவுச் சருக்கரை ஆலையின் வாயிலில் கரும்பு வண்டிகள் அணிவகுத்து நிற்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் நீங்கள். கரும்பை நடுபவன் ஒருவன், வெட்டுபவன் ஒருவன், அதன் இனிப்பைத் துய்ப்பவன் வேறொருவன். இதை உங்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால், கரும்பு வெட்டும் கைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்கியவர் யார்? அதற்கான செலவை ஏற்றவர் யார்? இவ் வினாவை நம்மில் மிகப் பலர் எழுப்பியதே இல்லை. இதனை உலக அரங்கில் எழுப்பி, வல்லரசொன்றின் தலைநகரிலேயே அமர்ந்து கணக்குக் கேட்டவர் ஒரு தமிழர். அவர்தாம் ஈழத்தமிழராகிய அம்பலவாணர் சிவானந்தன்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற 'துரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. அதில் சென்றோர் நாத்தாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டு செல்லப்பட்ட நம் மக்கள். அதற்கு முன்பே இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழக ஊர்கள் ஆள் கொடுத்தன. பெற்றவள் இங்கிருந்தாள், பிள்ளை அங்கே உழைத்தான், பயன் கடல் கடந்து இலண்டனுக்குச் சென்றது. இந்த மூன்று முனைகளையும் ஒரே கயிற்றால் இணைத்துக் காட்டியதே சிவானந்தனாரின் பொருளியல்.

அவர் 1923 திசம்பர் 20-ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். குடும்பத்தின் வேர் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் இருந்தது. தந்தையார் அஞ்சல்துறைப் பணியாளர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று 1945-இல் பட்டம் பெற்ற சிவானந்தனார், மலையகத்தில் ஆசிரியராகவும், பின்னர் வங்கி மேலாளராகவும் பணிபுரிந்தார். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவராக்கியது. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. 1958-இல் தமிழர்மீது கொலைவெறி கட்டவிழ்த்து விடப்பட்டது. சிங்களப் பெண்ணை மணந்து வாழ்ந்த அவர், மண்ணைத் துறந்து இலண்டனுக்குச் சென்றார்.

சென்ற இடத்தில் அவரை எதிர்கொண்டது எது? அதே 1958-இல் இலண்டனின் நாட்டிங்கில் பகுதியில் வெள்ளை இனவெறியர் கருப்பின மக்களைத் தாக்கிய கலவரம்! ஒரே ஆண்டில் இரு நாடுகளில் இரு தீ. தாய்நாட்டில் அவர் தமிழர் என்பதால் வந்தது ஒன்று. வந்தேறிய நாட்டில் அவர் வெள்ளையரல்லர் என்பதால் வந்தது மற்றொன்று. இரண்டும் வெவ்வேறு தீயல்ல, ஒரே கொள்ளியிலிருந்து பற்றியவை என்று கண்டதிலிருந்தே அவருடைய பொதுவாழ்வு தொடங்குகிறது.

வங்கி மேலாளராயிருந்தவர் அங்கே நூலகமொன்றில் தேநீர் கொடுக்கும் ஏவலராய்த் தொடங்கி, நூலகக் கல்வி பயின்று, 1964-இல் இன உறவு ஆய்வு நிறுவனத்தின் தலைமை நூலகரானார். அந் நிறுவனத்தின் ஆட்சிக்குழுவில் பெருவணிகரும் மேட்டுக்குடியினரும் வீற்றிருந்தனர். அரசின் இனக் கொள்கையைக் கடிந்து எழுத அவர்கள் இடங்கொடுக்க விரும்பவில்லை. பணியாளரோ, ஆய்வு ஒடுக்கப்பட்டவர்க்குப் பயன்பட வேண்டுமேயன்றி ஒடுக்குவோர்க்கன்று என்றனர். 1972-இல் உறுப்பினர் கூட்டத்தில் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. பணியாளர் பக்கமே வெற்றி நின்றது, ஆட்சிக்குழுவினர் விலகினர். அவர்களோடு நிதியும் விலகியது. செல்வர் தெருவிலிருந்த நிறுவனம் எளிய கட்டடமொன்றுக்கு இடம்பெயர்ந்தது. 1973-இல் அதன் இயக்குநர் பொறுப்பேற்ற சிவானந்தனார் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அதனை நடத்தினார். பணம் போயிற்று, ஆனால் நாவு மீண்டது!

1974-இல் அந் நிறுவனத்தின் இதழுக்கு 'ரேசு அண்டு கிளாசு' என்று புதுப் பெயர் சூட்டினார். 'இனமும் உழைக்கும் வகுப்பும்' என்று நாம் அதனை விளங்கிக் கொள்ளலாம். பாக்கித்தானிய அறிஞர் எக்பால் அகமது, ஆப்பிரிக்க வரலாறெழுதிய ஆங்கிலேயர் பேசில் டேவிட்சன், எழுத்தாளர் சான் பெர்கர், அமெரிக்கக் கருப்பின அறிஞர் செடரிக் இராபின்சன் முதலானோர் அவ்விதழோடு இணைந்து நின்றனர். ஆப்பிரிக்கரும் ஆசியரும் கரீபியரும் தனித்தனியே அழுதுகொண்டிராமல், கருப்பு என்பதைத் தோலின் நிறமாகக் கொள்ளாது போராட்டத்தின் பொதுப்பெயராகக் கொண்டு ஒன்றுபட வேண்டும் என்பதே அவர் கொள்கை. வந்தேறிகள் ஏன் வந்தனர் என்று கேட்ட வெள்ளையரிடம், நீங்கள் எங்கள் நாட்டுக்கு வந்ததனால்தான் நாங்கள் உங்கள் நாட்டுக்கு வந்தோம் என்னும் பொருளில் அவர் சொன்ன விடை உலகெங்கும் பரவியது.

அவருடைய பொருளியலின் நடுத்தூண் 1976-இல் அவர் எழுதிய இனம், வகுப்பு, அரசு பற்றிய ஆய்வுரை. அதன் கணக்கு எளியது. ஒரு குழந்தையைப் பெற்று, பாலூட்டி, நோய் நொடியில் காத்து, உழைக்கும் அகவைக்கு ஆளாக்கும் செலவு முழுவதையும் ஏழை நாடு ஏற்கிறது. ஆளானபின் அவ் உழைப்பைப் பணக்கார நாடு விலையின்றிப் பெற்றுக்கொள்கிறது. போருக்குப் பின் உழைப்பாளர் தேவைப்பட்டபோது பிரித்தானியா கதவைத் திறந்து வைத்தது. தேவை குறைந்தபோது 1962, 1971 ஆண்டுகளின் சட்டங்களால் கதவை அடைத்தது. குடிமகனாய் வரத் தக்கவனை ஒப்பந்தக் கூலியாய்த் தாழ்த்தியது. இனவெறி என்பது வெறும் மனநோயன்று. மலிவான உழைப்பை மலிவாகவே வைத்திருக்கும் கருவி என்று அவர் மெய்ப்பித்தார்.

1979-இல் மேலும் ஓரடி வைத்தார். கணிப்பொறிக் காலத்தில் முதலாளி உழைப்பாளியை அழைத்துவர வேண்டுவதில்லை. ஆலையே ஏழை நாட்டைத் தேடிச் செல்லும் என்றார். தென்கிழக்காசியத் தடையற்ற வணிக வளாகங்களில் மின்னணுக் கருவிகள் செய்த இளம்பெண்களின் நிலையைச் சான்றாகக் காட்டினார். 1984-இல், முந்திய ஆண்டின் தமிழினப் படுகொலையை அடுத்து, இலங்கையின் இனவெறிக்கும் அதன் பொருளியல் தாழ்வுக்கும் உள்ள தொடர்பை விரித்தெழுதினார். 1997-இல் வெளிவந்த அவரது புதினம் தமிழ்க் குடும்பமொன்றின் மூன்று தலைமுறைகளைச் சொல்வது. 2018 சனவரி 3-ஆம் நாள் இலண்டனில் மறைந்தார்.

அவர் எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில்தானே என்று தமிழுணர்வாளர் வினவலாம். மெய்தான். ஆண்டவனிடம் கணக்குக் கேட்க ஆண்டவன் மொழியிலேயே கேட்டார். அக் கணக்கைத் தமிழ் உழவனும் கூலியாளும் உணரும் தமிழில் எழுதிப் பரப்புவது நம் கடனாகும்.

ஏனெனில் அக் கணக்கு நம் வாயிலிலும் நிற்கிறது. அண்மையிலுள்ள கல்வராயன் மலையைப் பாருங்கள். சாகிர்தார்களுக்குக் கூலியின்றி உழைத்த அம் மக்களுக்கு 1976-இல் மலை அரசின் கைக்கு வந்த பின்னரே விடிவு தொடங்கியது. இன்றும் அவர்கள் கூலி தேடி அண்டை மாநிலங்களுக்குச் செல்கின்றனர். 2015 ஏப்பிரல் 7-ஆம் நாள் ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவரென்று சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் கூலிக்குச் சென்ற தமிழரே. அவர்களை ஆளாக்கியவை நம் ஊர்கள். மரத்தின் விலையை எண்ணியவனோ எங்கோ இருந்தான். அவன்மீது குண்டு பாயவில்லை.

இதே அளவுகோலால் நம்மையும் அளக்க வேண்டும். இன்று தமிழகத்தின் கட்டடப் பணிகளிலும் ஆலைகளிலும் வடபுலத்து உழைப்பாளர் பலர் உள்ளனர். தமிழ் மண்ணில் தமிழுக்கும் தமிழர்க்கும் முதன்மை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் சினம் யார்மீது? குறைகூலிக்கு ஆள் கொணர்ந்து இருவர் வயிற்றிலும் அடிப்பவனை விட்டுவிட்டு, பசிக்கு வந்தவனைப் பகைப்போமாயின், நாட்டிங்கில் தெருவில் கல்லெடுத்தவனுக்கும் நமக்கும் வேறுபாடு யாது? கொழும்பில் நம்மவரை விரட்டியவன் சொன்னதும் 'இவன் வந்தேறி' என்பதுதானே?

இன உரிமை கேட்பவன் இனவெறியனாகலாகாது. உழைப்பவனுக்கு உரிமை கேட்பவன் எந்த உழைப்பாளியையும் இழிவுபடுத்தலாகாது. ஒரே ஆண்டில் இரு தீயில் வெந்தும் எந்த இனத்தையும் வெறுக்காமல், தீ மூட்டியவனை மட்டும் அடையாளங்காட்டிய சிவானந்தனாரின் வாழ்வு நமக்குத் தரும் பாடம் இதுவே. நாளை ஆலை வாயிலில் கரும்பு வண்டியைக் காணும்போது, வெட்டிய கையை எண்ணுங்கள். அக் கையை ஆளாக்கிய தாயையும் எண்ணுங்கள். அத் தாய் எம்மொழி பேசுபவளாயினும், அவளுக்குச் சேரவேண்டிய கணக்கு இன்னும் தீரவில்லை.

வாழ்க தமிழ்! வெல்க உழைப்போர் உரிமை!