வெட்டப்படாத அத்திமரம்

(மருத்துவமனைச் சிற்றாலயத்தில் ஜனவரி மாத இறுதியில் நடந்த ஆதரவாளர் ஸ்தோத்திரக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



வருஷத்துக்கு ஒருமுறை உங்களை முகமுகமாய்ச் சந்திக்கக் கிடைக்கும் இந்த நாளுக்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். உங்களில் சிலர் இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்தபடியே வந்திருக்கிறீர்கள். சாப்பாடு ஆறிப்போகும்படி பிரசங்கம் பண்ண வேண்டாம் என்று நம் டாக்டரம்மா ஏற்கெனவே எச்சரித்திருக்கிறார்கள். ஆகையால் ஒரு மனிதருடைய வாழ்க்கையை மட்டும் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

சென்ற மாதம் நம் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு வயதான அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை. பல வருஷங்களாக மாதம் தவறாமல் நமக்கு மணியார்டர் அனுப்பி வந்தவர்கள். "ஐயா, இனி என்னால் ஒன்றும் அனுப்ப முடியாது. கண் பார்வையும் குறைந்துவிட்டது. ஜெபம் பண்ணுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. பிரயோஜனமில்லாத என் பெயருக்குத் தபால் செலவு எதற்கு? பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்று நடுங்கிய கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த மனிதர் என் நினைவுக்கு வந்தார். அவர் கத்தோலிக்கத் துறவி. "நம் போதகர் ஏன் ரோமன் கத்தோலிக்கரைப் பற்றிப் பேசுகிறார்?" என்று யாராவது நினைத்தால், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். நான் வேத கலாசாலையில் படித்த நாளில் திருச்சபைச் சரித்திரம் கற்பித்த ஐயா, "தேவனுடைய தோட்டத்தில் வேலி எங்கே இருக்கிறது என்று பார்க்காதே, கனி எங்கே இருக்கிறது என்று பார்" என்று சொல்வார். அந்தச் சொல் இன்றும் என்னோடு இருக்கிறது.

அந்தத் துறவியின் பெயர் சகோதரர் மூசியேன் மரி. பெற்றோர் வைத்த பெயர் லூயி ஜோசப் வியோ. பெல்ஜியம் தேசத்தில் மெல்லே என்ற சிறு கிராமத்தில் 1841ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் தேதி பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூன்றாவது பிள்ளை. தகப்பனார் கொல்லர். தாயார் வீட்டின் ஒரு பகுதியில் சிறு கடை நடத்தினார். மாலையில் ஊரார் அங்கே வந்து உட்கார்ந்து குடிப்பார்கள், சீட்டாடுவார்கள், சிரிப்பார்கள். ஆனால் பொழுது முடியும்போது எல்லாரும் சேர்ந்து ஜெபமாலை சொல்வார்கள். அப்படிப்பட்ட வீடு அது.

படிப்பு முடிந்ததும் தகப்பனார் மகனைப் பட்டறையில் சேர்த்துக்கொண்டார். பையனுக்குச் சம்மட்டி தூக்கப் பலம் போதவில்லை. அவனுடைய முதல் தோல்வி அது என்று சொல்லலாம். 1856இல், பதினைந்து வயதில், நாமூர் நகரத்தில் கிறிஸ்தவப் பள்ளிகளின் சகோதரர்கள் சபையில் சேர்ந்தார்.

அந்தச் சபையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அதை ஆரம்பித்தவர் ஜான் பாப்டிஸ்ட் தெ லசால். 1651இல் பிரான்ஸ் தேசத்து ரான்ஸ் நகரத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்த குருவானவர். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த வந்த ஆசிரியர்கள் சரியான பயிற்சியும் பழக்கமும் இல்லாதவர்களாக இருந்ததை அவர் கண்டார். அவர்களை விரட்டிவிட்டு நல்ல ஆட்களைத் தேடவில்லை. 1681இல் அவர்களைத் தம் சொந்த வீட்டுக்கே அழைத்து வந்து, தம்மோடு பந்தியில் உட்காரவைத்துப் பழக்கினார். உறவினருக்கு அது அவமானமாய்ப் பட்டது, அவர் அசையவில்லை. பின்பு 1683, 84இல் வந்த பஞ்சத்தில் தம் சொத்தையும் ஏழைகளுக்கு அப்பமாகக் கொடுத்துத் தீர்த்தார். அந்த ஆசிரியர்களிலிருந்துதான் சபை உருவாயிற்று. சகோதரர்கள் குருப்பட்டம் பெறுவதில்லை, திருமணம் செய்வதில்லை. கற்பிப்பதே அவர்களுடைய ஊழியம். லத்தீனில் அல்ல, பிள்ளைகளின் தாய்மொழியிலேயே முதலில் வாசிக்கக் கற்பித்தார்கள். பாடத்தின் நடுவே மணி அடிக்கும்போது எல்லாரும் ஒரு நிமிஷம் நிறுத்தி, தேவன் இங்கே இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வது அவர்களுடைய வழக்கம். கற்பிப்பது ஒரு வேலை, ஜெபம் வேறொரு வேலை என்று அவர்கள் பிரிக்கவில்லை. நம் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அந்தச் சபையார் பள்ளிகள் நடத்துகிறார்கள்.

இளம் சகோதரர் மூசியேன் முதலில் ஷிமே என்ற ஊரிலும், பின்பு பிரசல்ஸ் நகரத்திலும் சிறு பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1859இல் நாமூருக்கு அருகே மலோன் என்ற ஊரிலிருந்த பெரிய விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கேதான் கஷ்டம் வெளியானது. வகுப்பை அவரால் கட்டுப்படுத்த முடியவில்லை. ஆசிரியராக வேலை செய்த யாரும் இதைப் புரிந்துகொள்வீர்கள். வாத்தியார் சாதுவானவர் என்று பையன்களுக்குத் தெரிந்துவிட்டால் அன்றைக்கே வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். கற்பிப்பதற்காகவே ஏற்பட்ட சபையில், கற்பிக்க முடியாத சகோதரர்! பொறுப்பிலிருந்தவர்கள் கூடிப் பேசினார்கள். இவர் இந்த ஊழியத்துக்கு ஏற்றவர் அல்ல, அனுப்பிவிடலாம் என்ற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

அன்பானவர்களே, இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். ஏனென்றால் இப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பது வருஷங்களுக்கு முன், வேறொரு இடத்தில் நான் இளம் போதகராக இருந்தேன். அங்கே வார்டில் உதவியாளாக ஒரு வாலிபன் சேர்ந்திருந்தான். சொன்ன வேலையை மறப்பான். ஒரு நோயாளிக்குக் கொண்டுபோக வேண்டிய கஞ்சியை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவான். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிர்வாகக் குழுவில் அவனை நிறுத்துவதைப் பற்றிப் பேசினார்கள். நானும் அந்தக் குழுவில் இருந்தேன். எனக்கு ஒரு விஷயம் தெரியும். இரவு நேரத்தில், உறவினர் யாரும் வராத ஒரு கிழவருடைய கட்டிலுக்கு அருகே அந்தப் பையன் தரையில் உட்கார்ந்து, அவர் தூங்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருந்தேன். அதை அன்றைக்கு நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியவர்கள் பேசுகிறார்களே, புதிதாய் வந்த நான் எதற்கு வாய் திறக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். மறுநாள் காலை அவன் தன் பெட்டியோடு வாசலில் நின்று எனக்கு ஸ்தோத்திரம் சொன்னான். அதன்பிறகு அவன் எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது. குழுவினர்மேல் நான் குற்றம் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாததைத் தெரியப்படுத்த வேண்டியவன் நான்.

மலோனில் அப்படி நடக்கவில்லை. ஓவியம், இசை ஆகிய வகுப்புகளுக்குப் பொறுப்பாயிருந்த ஒரு சகோதரர் எழுந்து, அந்த இளைஞரை என்னிடம் விடுங்கள், எனக்கு உதவியாக வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டார். அவர் பெயர் மெக்ஸாந்திஸ். அவருக்குப் புனிதர் பட்டம் யாரும் கொடுக்கவில்லை. ஆனால் அவர் ஒருவர் வாய் திறந்ததனால்தான் இன்று நான் உங்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது.

ஓவியத்திலும் இசையிலும் மூசியேனுக்குத் தனித் திறமை இருந்ததா என்றால், அதுவும் இல்லை. கீழ்ப்படிதலால் கற்றுக்கொண்டார். ஆர்மோனியம், பியானோ முன்னால் பொறுமையோடு உட்கார்ந்து பழகினார். கோடு போடக் கற்று, சிறுவர்களுக்குக் கோடு போடக் கற்றுக்கொடுத்தார். விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகளைக் கவனிப்பது, படிப்பு நேரத்தில் மேற்பார்வை பார்ப்பது ஆகிய சின்ன வேலைகள் அவருக்கு வந்தன. பெரிய வகுப்பின் தலைமை ஆசிரியராக அவர் ஒருநாளும் ஆகவில்லை. பக்கத்திலிருந்த பங்கின் ஏழைப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். கடினமானதையும் எளிமையாய்ச் சொல்லி, தாம் விசுவாசிப்பதையே சொல்கிறார் என்று பிள்ளைகள் உணரும்படி கற்பித்தார்.

இப்படி எத்தனை வருஷம் என்று நினைக்கிறீர்கள்? ஏறத்தாழ 58 வருஷம்! ஒரே பள்ளி, ஒரே தாழ்வாரம், அதே சின்ன வேலை. மணி அடித்தால் எழுந்தார். சபையின் ஒழுங்குகளில் சிறியதையும் விடாமல் கைக்கொண்டார். வேலைகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் ஆலயத்தில் முழங்காலில் இருந்தார், அல்லது கையில் ஜெபமாலையோடு நடந்தார். பையன்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: எப்போதும் ஜெபிக்கிற சகோதரர். பையன்கள் வைக்கிற பட்டப்பெயரில் பொய் இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்பை அடக்கத் தெரியாதவர் என்று ஆரம்பித்தவரைத் தேடி, வளர்ந்த மாணவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டு வந்தார்கள்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் பெல்ஜியத்துக்குள் வந்தது. நாமூர் கோட்டைகள் விழுந்தன. தேசம் ஜெர்மானியரின் கையில் போயிற்று. அந்த ஆக்கிரமிப்பு நாட்களில், ஐரோப்பா முழுவதும் கடுங்குளிராயிருந்த 1917 ஜனவரியில், உடல் தளர்ந்தும் அவர் மற்றச் சகோதரரோடு ஆலயத்துக்கு வந்தார். அம்மாதம் 30ஆம் தேதி விடியற்காலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 75. எதையும் ஸ்தாபிக்கவில்லை. வெளியுலகம் அறிந்த புஸ்தகம் எதையும் எழுதவில்லை.

ஆனால் அவரை அறிந்த ஏழை ஜனங்கள் அவர் கல்லறைக்கு வரத் தொடங்கினார்கள். 1977 அக்டோபர் 30இல் போப் ஆறாம் பவுல் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். 1989 டிசம்பர் 10இல் போப் இரண்டாம் ஜான் பால் அவரைப் புனிதராக அறிவித்தார். நம்முடைய சபையில் இப்படிப் பட்டம் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அனுப்பிவிடலாமா என்று ஒரு சிறு அறையில் பேசப்பட்ட மனிதரை, உலகெங்கும் உள்ள ஆசிரியர்கள் பார்த்துப் பின்பற்றும்படி கர்த்தர் உயர்த்தினார். அவரை உயர்த்தியது திறமை அல்ல. வைத்த இடத்தில் நின்றார்; நின்ற இடத்தில் ஜெபித்தார். அவ்வளவுதான்.

லூக்கா 13ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் ஓர் அத்திமரத்தைப் பற்றிச் சொன்னார். மூன்று வருஷமாய்க் கனி தேடி வந்த எஜமான் அதை வெட்டச் சொல்கிறான். எஜமான் சொன்னதில் தவறில்லை. மரம் நிலத்தை வீணாய் அடைத்துக்கொண்டுதான் இருந்தது. தோட்டக்காரனோ குறுக்கே நின்று, இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்கிறான். சும்மா கேட்கவில்லை. மண்ணைக் கொத்தி எருப்போடும் வேலையைத் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டு கேட்கிறான். சகோதரர் மெக்ஸாந்திஸ் செய்தது அதுவே. "அவனை வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது சுலபம். "அவனை என்னிடம் கொடுங்கள்" என்று சொல்வதற்குத்தான் கிருபை வேண்டும்.

பிரியமானவர்களே, நம் மருத்துவமனையிலும் அத்திமரங்கள் உண்டு. இரண்டுமுறை பரீட்சையில் தவறிய நர்சிங் மாணவி உண்டு. இனிக் குணமாகாது என்று தெரிந்தும் நாம் படுக்கை கொடுத்து வைத்திருக்கும் நோயாளிகள் உண்டு. உங்கள் வீடுகளிலும் உண்டு. படிப்பு ஏறாத பேரப்பிள்ளை, வேலை நிலைக்காத மகன். அடுத்த கமிட்டியில், அடுத்த குடும்பப் பேச்சில், ஒருவரைக் குறித்துப் பிரயோஜனமில்லை என்று சொல்லப்படும்போது, அவரைப்பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு நன்மையை வாய் திறந்து சொல்லுங்கள். நான் சொல்லாமல் இருந்த அந்த நாளை முப்பது வருஷமாய் ஆண்டவரிடம் அறிக்கையிடுகிறேன். உங்களுக்கு அந்தப் பாரம் வேண்டாம்.

அந்த ஆசிரியை அம்மாவுக்கு நான் எழுதிய பதிலைச் சொல்லி முடிக்கிறேன். "அம்மா, உங்கள் பெயரை எடுக்கமாட்டோம். காலை ஆறு மணிக்குப் பெண்கள் வார்டில் நாங்கள் ஜெபம் தொடங்குகிறோம். அந்த நேரத்தில் நீங்களும் உங்கள் கட்டிலில் உட்கார்ந்து எங்களோடு ஜெபியுங்கள். நோயாளிகளின் பெயர்களை வாரந்தோறும் பெரிய எழுத்தில் எழுதி அனுப்புகிறேன். பார்வை போதாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்" என்று எழுதினேன். போன திங்கட்கிழமை பதில் வந்தது. எழுதியது அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஒரே வரிதான்: "பாட்டி ஆறு மணிக்கு எழுந்துவிடுகிறார்கள்."

ஜெபிப்போம். இரக்கமுள்ள பிதாவே, எங்களை வெட்டிப்போடாமல் இதுவரை பொறுத்துக்கொண்டீரே, உமக்கு ஸ்தோத்திரம். எங்களுக்காக ஒருநாள் பரிந்து பேசினவர்களை ஆசீர்வதியும். பிறருக்காகப் பேச எங்கள் வாயைத் திறந்தருளும். அன்று வாசலில் நின்ற அந்த வாலிபன் இப்போது எங்கே இருந்தாலும் அவனைத் தேடிச் சந்தியும். எங்கள் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தினாலே கேட்கிறோம். ஆமென்.