மீண்டவனுக்கு ஒரு நாற்காலி போடுங்கள்!



நான் ஒரு குடிநோயாளி. இன்று குடிக்காமல் உங்கள் முன்னால் நிற்கிறேன். இதை மைக்கில் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. கூச்சப்பட வேண்டியவர்கள் கோட்டையில் இருக்கிறார்கள்.

2003-லிருந்து தமிழ்நாட்டில் மதுக்கடை நடத்துவது அரசாங்கம். பகல் 12 மணிக்கு ஷட்டர் ஏறுகிறது; இரவு 10 மணிக்குத்தான் இறங்குகிறது. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் கஜானாவுக்குப் போகிறது. அரசாங்கமே, குடிக்க ஊருக்கு ஊர் கடை வைத்தாயே, குடியை நிறுத்த எங்கே இடம் வைத்தாய்? உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேளுங்கள்: குடியை விட வந்தவனுக்கு எத்தனை படுக்கை?

“மனசு வைத்தால் விட்டுவிடலாமே” என்கிறார்கள். காலையில் டீக்கடையில் பாருங்கள். கண்ணாடி கிளாஸை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தும், உதட்டுக்குப் போவதற்குள் பாதி டீ சட்டையில் சிந்துகிறதே, அவருக்கு மனசு இல்லையா? பல வருடம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் உடல் நடுங்கும், வலிப்பு வரும், இல்லாத உருவமெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிரே போகலாம். அவருக்கு வேண்டியது மருந்தும் மருத்துவரும், உபதேசம் அல்ல!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவித்தார்கள். கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. செத்த பிறகு நீளுகிற கை, உயிரோடு தவித்தபோது எங்கே போனது?

மீண்டவன் பேசினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஹெரால்ட் ஹியூஸ் என்று ஒருவர். லாரி ஓட்டியவர். குடியால் தற்கொலை வரை போய் மீண்டவர். அந்த மாநில மக்களே ஓட்டுப் போட்டு அவரை ஆளுநர் ஆக்கினார்கள். பிறகு செனட்டுக்கும் அனுப்பினார்கள். தன் கதையை அவர் மறைக்கவில்லை. 1969-இல் செனட் துணைக்குழுவுக்குத் தலைமை ஏற்று, குடியிலிருந்து மீண்டவர்களையே அழைத்துச் சாட்சி சொல்ல வைத்தார். 1970 டிசம்பர் 31-இல் சட்டம் வந்தது. குடிநோய்க்கென்று தேசிய நிறுவனம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் ஆஸ்பத்திரி, குடிநோயாளி என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற விதியும் வந்தது. குடித்தவன் பேச்சு அங்கே சட்டமானது; இங்கே மட்டும் விடிந்தால் போச்சா?

நாங்கள் கேட்பது மூன்று. ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் குடிநோய்க்கெனத் தனிப் படுக்கைகள் வேண்டும். மீண்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து, ஆலோசகர்களாக அங்கே அமர்த்த வேண்டும். நடுங்குகிற கையைப் பார்த்தால் எங்களுக்கு அருவருப்பு வராது, அந்த ராத்திரி எப்படிக் கழியும் என்று எங்களுக்குத் தெரியும். மதுக் கொள்கை பேசுகிற ஒவ்வொரு கூட்டத்திலும் மீண்டவர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து அழுத மனைவிமார்களுக்கும் நாற்காலி வேண்டும்.

குடியை விட்டுவிட்டு வாய்மூடி வீட்டில் இருக்கிற அண்ணன்மார்களே, தம்பிமார்களே! நீங்கள் பிழைத்தது போதாது. அடுத்தவனும் பிழைக்க வேண்டும். வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து நில்லுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி இந்த மூன்று கோரிக்கையையும் தீர்மானமாக்குங்கள். பதிவேட்டில் ஏறும்வரை இடத்தைவிட்டு நகராதீர்கள்!