ஆடியது கேமரா அல்ல



நானும் என் விடுதி அறை நண்பனும் சனிக்கிழமைகளில் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புகைப்படக்கலை சொல்லித் தருகிறோம். அவன் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவன். நான் இன்னும் இன்ஜினியர்தான். முதல் நாள் கரும்பலகையில் 2, 2.8, 4, 5.6 என்று எழுதி, படிக்குப் படி வெளிச்சம் பாதியாகும், எல்லாம் ரூட் 2 செய்யும் வேலை என்றேன். ஒரே கொட்டாவி. நண்பன் செருப்பு டப்பாவில் ஊசித்துளை போட்டு, எதிர்ப்பக்கம் எண்ணெய்த்தாள் ஒட்டி நீட்டினான். வேப்பமரம் தலைகீழாகத் தெரிந்ததும், "டேய், எனக்குக் குடுடா!" என்று தள்ளுமுள்ளு!

மூன்றாவது வாரம் ஒரு மாணவி, அந்தி நேரத்தில் அப்பா இஸ்திரி போடும் படத்தைக் காட்டினாள். கை கலங்கியிருந்தது. "கேமரா ஆடிடுச்சும்மா" என்று அழித்துவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

திரும்பும் வழியில் நண்பன் கேட்டான்: "ஆடியிருந்தா பின்னாடி துணி மூட்டையும்தானே கலங்கியிருக்கணும்? வண்டி விளிம்புல ஊன்றி எடுத்திருக்குடா அந்தப் பொண்ணு."

1/15 விநாடியில் ஊன்றி எடுத்தால் நகர்வது மட்டுமே கலங்கும். ரூட் 2 தெரிந்தவனுக்கு இது தெரியவில்லை!

மறுவாரம் அவள் வரவில்லை. இஸ்திரி வண்டிக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், அப்பா தினமும்தான் தேய்க்கிறாரு" என்றாள்.

இப்போது அழிக்கும் பொத்தானை நாங்கள் இருவரும் தொடுவதில்லை.

14 பிள்ளைகளுக்கு 2 கேமராதான். உங்கள் பீரோவில் பழைய டிஜிட்டல் கேமரா தூங்கினால், மறக்காமல் சார்ஜரோடு தாருங்கள்.