மாரி சேர்க்கும் கருமணல்



மாரிகாலத்திலே கடற்கரைப் பயணம் வீண் என்பர். ஆனால், மாரியே செல்வஞ் சேர்க்கும் கரை ஒன்றுண்டு. திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புல்மோட்டையே அது.

படுக்கையும் அடுப்பும் பொருத்திய மோட்டார் வான் ஒன்றிலே, வாகரை, வெருகல், மூதூர் வழியாக நண்பர் நால்வர் அங்கே சென்றோம். நாள் முழுவதும் மழை. வண்டிக்குள்ளேயே தேநீர் காய்ச்சிக் குடித்தபடி, அலை செய்யும் வேலையைக் கண்டோம். வெண்மணலின் அடர்த்தி ஏறத்தாழ 2.65, இல்மனைற்றுக் கருமணலினது ஏறத்தாழ 4.7. வாடைக்காற்று எழுப்பும் பேரலை இலேசானதை இழுத்துச் செல்கிறது; பாரமானது கரையிலே தங்கிவிடுகிறது.

இக்கருமணலை அகழ்ந்து விற்பதற்கென 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. கருமணலிலிருந்து பிரித்தெடுக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டே சுவர்ப்பூச்சுக்கு வெண்மை தருவது. நாமோ பெரும்பாலும் மணலை மணலாகவே கப்பலேற்றி வந்திருக்கிறோம்!

கரை கரைந்தால் மீனவர் வாடி போட இடமேது? ஆகவே, கடல் தரும் அளவறிந்தே எடுக்க வேண்டும். எடுத்ததை இங்கேயே பொருளாக்கும் இரசாயன அறிவை இளைஞர் பெற வேண்டும். கரையின் போக்கறிந்த பெரியோர்களே, அலையின் கணக்கை எங்களுக்குச் சொல்லித் தாருங்கள்.