பச்சை உணவும் கொழுப்பின் அளவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் இடம்பெறுவது வழக்கம். இவ்வாண்டு உணவைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். அடுத்த கூடத்தில் வடையும் பாயசமும் காத்திருக்கும் வேளையில், அடுப்பேற்றாத உணவைப் பற்றிப் பேசுவது சற்றுத் துணிச்சலான செயலே. எனினும், நம் காலனி வீடுகளில் இன்று இப்பேச்சு எழாத நாள் இல்லை. ஒரு வீட்டில் தேங்காயைக் கண்டாலே அஞ்சுகின்றனர்; கொழுப்பு என்ற சொல்லே அங்கு விலக்கப்பட்டுவிட்டது. அடுத்த வீட்டில் சமையலை நிறுத்திவிட்டு, நிலக்கடலையும் வாதுமையும் தேங்காயும் வரையறையின்றி உண்கின்றனர். சமைக்காத உணவு எவ்வளவு உண்டாலும் உடல் பருக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. அச்சம், நம்பிக்கை இவ்விரண்டில் எது சரி? கொழுப்பு மிகுந்த பச்சை உணவை உண்டுகொண்டே உடலை மெலிதாக வைத்திருத்தல் இயலுமா? இயலுமாயின் அதற்கு விதி என்ன? இவற்றையே இன்று நாம் ஆராய்வோம்.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். புலாலும் முட்டையும் மட்டுமின்றிப் பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கி வாழ்வோரை இக்காலத்தார் வீகன் என்பர். அவ்வுணவையும் அடுப்பில் ஏற்றாமல், கனியாகவும் கொட்டையாகவும் முளையாகவும் கீரையாகவும் உண்பதே பச்சை வீகன் உணவு. நெய்யும் பாலும் இல்லாத இவ்வுணவில் கொழுப்பு எங்கிருந்து வரும் என ஐயுற வேண்டா. நூறு கிராம் நிலக்கடலையில் 49 கிராமும், வாதுமையிலும் எள்ளிலும் ஏறக்குறைய 50 கிராமும், தேங்காயில் 33 கிராமும், வெண்ணெய்ப் பழத்தில் 15 கிராமும் கொழுப்பு உண்டு. பாதிக்குப் பாதி கொழுப்பான பொருள்களே இவ்வுணவின் தூண்கள்.

காந்தியடிகளின் சோதனை

இவ்வுணவு மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த புதுமை என்று நம் இளைஞர் எண்ணலாம். நூறாண்டுகளுக்கு முன்பே இதனை வாழ்ந்து பார்த்தவர் காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவில் ஜொகானஸ்பர்க் நகரை அடுத்து, 1910 ஆம் ஆண்டு டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்குத் தங்கின. அவர்களுள் தமிழர் பலர். அப்பண்ணையில் 1912 ஆம் ஆண்டு அடிகளும் அவர் நண்பர் காலன்பாக்கும் பாலை விடுத்தனர். அதன்பின் கனி உணவை மேற்கொண்டனர். பச்சை நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் ஆகியவையே வழக்கமான உணவு எனத் தம் தன்வரலாற்றில் அடிகள் குறித்துள்ளார்.

இப்பட்டியலை மருத்துவர் ஒருவரிடம் காட்டினால், கடலையும் எண்ணெயும் இவ்வளவா என்று புருவம் நெரிப்பார். ஆயினும் அடிகள் பருக்கவில்லை. ஏன்? பண்ணையில் வேலையாள் இல்லை. தோட்டவேலை, தச்சுவேலை, செருப்புத் தைத்தல் முதலிய அனைத்தையும் தாமே செய்தனர். சொந்த வேலையாக நகருக்குச் செல்வோர் நடந்தே செல்ல வேண்டும் என்பது பண்ணையின் விதி. நகரம் 21 மைல் தொலைவில் இருந்தது. உண்ட கொழுப்பு உழைப்பில் எரிந்தது.

இந்தியா திரும்பியபின் 1915 ஆம் ஆண்டு ஹரித்வாரக் கும்பமேளாவில் அடிகள் மற்றுமோர் உறுதி பூண்டார். ஒரு நாளில் ஐந்து பொருளுக்கு மேல் உண்பதில்லை, இருட்டியபின் உண்பதில்லை. இந்த ஐந்து என்னும் எண் நாம் கருதத்தக்கது. பந்தியில் ஒரே கறி இருந்தால் விரைவில் போதும் என்கிறோம். பத்துக் கறி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வயிற்றில் ஓர் இடம் பிறந்துவிடுகிறது. சுவையின் வகை பெருகப் பெருக உண்ணும் அளவும் பெருகும் என்பதை இக்கால ஆய்வாளரும் மெய்ப்பித்துள்ளனர்.

கணக்கு என்ன கூறுகிறது?

ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். கொழுப்பு வெந்திருந்தாலும் பச்சையாக இருந்தாலும் இக்கணக்கு மாறாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020 ஆம் ஆண்டு வகுத்த அளவின்படி, அமர்ந்து பணிபுரியும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2110 கலோரியும் பெண்ணுக்கு 1660 கலோரியும் தேவை. பேச்சுவாக்கில் 150 கிராம் நிலக்கடலையைத் தின்றுவிட்டால் 850 கலோரி சேர்ந்துவிடும். அது அப்பெண்மணியின் ஒரு நாள் தேவையில் பாதி. வாய் அதனை உணவாகவே கணக்கில் வைப்பதில்லை. உடலோ ஒரு காசும் விடாமல் வரவு வைத்துக்கொள்கிறது.

அப்படியானால் பச்சை உணவினர் பலர் மெலிந்திருப்பது எவ்வாறு? அதற்கும் காரணம் உண்டு. நூறு கிராம் வெள்ளரிக்காயில் 15 கலோரியே உள்ளது. பப்பாளியில் 43, வாழைப்பழத்தில் 89. நீரும் நாரும் நிறைந்த இவை வயிற்றை நிரப்பிவிடுகின்றன. அவற்றிடையே ஒரு பிடி கடலை வந்தால் அது நிறைவைத் தருகிறது. கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டின் உடலில் சேர்வதற்கும் அக்கொழுப்பே துணை. கொழுப்பை அறவே ஒழித்த காய்க் கலவை பசியையும் ஆற்றாது, சத்தையும் முழுதாகத் தராது.

இங்கு மற்றொரு நுட்பமும் உள்ளது. முழுக் கொட்டையில் கொழுப்பு, செல் என்னும் நுண்ணறைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. நாம் எவ்வளவு மென்றாலும் எல்லா அறைகளும் உடைவதில்லை. உடையாதவை செரிக்காமலே வெளியேறுகின்றன. அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் 2016 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பச்சை வாதுமையை முழுதாக உண்டவர்க்கு ஒரு கிராமுக்கு 4.42 கலோரி கிட்டியது. வறுத்து விழுதாக அரைத்த வாதுமை 6.53 கலோரி தந்தது. பொருள் ஒன்றே, பல்லின் வேலையை எந்திரம் செய்துவிட்டால் வரவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. பேரீச்சையையும் முந்திரியையும் மிக்சியில் அரைத்து உருண்டை பிடித்து, இது இயற்கை உணவு என்று பத்து உருண்டை உண்போர் இதனை நினைவிற்கொள்வாராக. கடையில் பச்சை முந்திரி என விற்கப்படுவதும் பெரும்பாலும் ஓடு நீக்குவதற்காக ஆவியிலோ நெருப்பிலோ வெந்ததேயாகும்.

அளவு தவறியபோது

காந்தியடிகளின் வரலாற்றில் வெற்றியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது முறையன்று. 1918 ஆம் ஆண்டு கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் திரட்டி அலைந்த நாள்களில், நிலக்கடலை விழுதும் எலுமிச்சையுமே அவருடைய முதன்மையான உணவு. விழுதை அளவு மீறி உண்டால் கேடு விளையும் என அறிந்திருந்தும் மீறியதாக அவரே எழுதினார். வயிற்றுக்கடுப்புக் கண்டது. அந்நிலையில் ஒரு பண்டிகை நாள் வந்தது. நெய் விலக்கியவர் ஆதலின், எண்ணெய் சேர்த்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியும் ஒரு கிண்ணம் பாசிப்பயறும் கஸ்தூரிபாய் அன்போடு ஆக்கி வைத்திருந்தார். அதனையும் உண்டார், நோய் முற்றி உயிருக்கே ஊசலாடும் நிலைக்குச் சென்றது. இறுதியில் வெள்ளாட்டுப் பாலை ஏற்றே உடல் தேறினார். தம்மைப் பின்பற்றிப் பாலை விட்டவர்கள், எல்லா வகையிலும் நன்மை கண்டாலொழிய, அல்லது தேர்ந்த மருத்துவர் கூறினாலொழிய, அதனைத் தொடர வேண்டா என்று தன்வரலாற்றில் வேண்டிக்கொண்டார்.

மீண்டும் 1929 ஆம் ஆண்டு அடுப்பேற்றா உணவைச் சோதித்து, அதன் விவரங்களை யங் இந்தியா இதழில் வெளியிட்டார். முளைக்கோதுமை 8 தோலா, அரைத்த வாதுமை 8 தோலா, கீரை 8 தோலா, எலுமிச்சை, சிறிது தேன். இவ்வளவே ஒரு நாள் உணவு. எட்டுத் தோலா என்பது 93 கிராம். வாதுமையில் மட்டும் 46 கிராம் கொழுப்பு உண்டு. ஆயினும் நாள் முழுமைக்கும் கூட்டினால் ஏறக்குறைய ஆயிரம் கலோரியே ஆகும். மெலிவின் இரகசியம் இங்கே வெளிப்படுகிறது. கொழுப்பு மிகுதிதான், மொத்த உணவோ குறைவு. அச்சோதனையும் நிலைக்கவில்லை, அவ்வாண்டிலேயே வயிற்றுக்கடுப்பு மீண்டும் வரவே, வெள்ளாட்டுப் பாலுக்குத் திரும்பினார்.

மெலிவு வேறு, நலம் வேறு

தாய்மார்கள் இப்பகுதியைச் சற்று ஊன்றிக் கேட்குமாறு வேண்டுகிறோம். ஜெர்மனி நாட்டில் நெடுங்காலம் பச்சை உணவு உண்டுவந்த 513 பேரை ஆராய்ந்து 1999 ஆம் ஆண்டு முடிவு வெளியிட்டனர். ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரும் பெண்களில் 25 பேரும் இருக்கவேண்டிய எடைக்குக் கீழே இருந்தனர். நாற்பத்தைந்து வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 30 பேருக்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறியோ முற்றிலும் நின்றோ இருந்தது. உடல் மெலிந்ததைக் கண்ணாடி காட்டும். உள்ளே குன்றியதைக் கண்ணாடி காட்டாது. வளரும் பெண் பிள்ளை காலையும் மாலையும் எடை பார்க்கும் கருவியில் ஏறி நிற்கிறாள் என்றால், குறைந்த எடையைக் கண்டு மகிழ்வதற்கு முன் அவள் உண்ணும் அளவைக் கவனிப்பது பெற்றோர் கடன்.

மேலும், பி12 என்னும் உயிர்ச்சத்துச் செடிகொடிகளிலிருந்து நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. பாலையும் விடுத்தவர் அதனை மாத்திரையாகக் கொள்ளுதல் இன்றியமையாதது. குறை நேர்ந்தால் இரத்தமும் நரம்பும் கெடும். கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் குழந்தைகளும் மருத்துவர் துணையின்றி இவ்வுணவில் இறங்கலாகாது.

நம் வீடுகளில் செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் கேட்டு அஞ்சவும் வேண்டா. நாள் முழுவதும் பச்சை உணவு கொள்ளாவிடினும், ஒரு வேளையேனும் கொள்ளுதல் எவர்க்கும் எளிது. இராமநவமியன்று நம் இல்லங்களில் செய்யும் கோசுமல்லியை எண்ணிப் பாருங்கள். ஊறிய பயத்தம்பருப்பு, வெள்ளரிக்காய், தேங்காய்த் துருவல், எலுமிச்சைச் சாறு. தாளிப்பை நீக்கினால் அதுவே முழுமையான பச்சை உணவு. நீரும் நாரும் மிகுதி; கொழுப்பு ஒரு பிடி. இவ்வுணவின் இலக்கணம் முழுதும் அக்கிண்ணத்தில் உள்ளது.

அளவை இவ்வாறு வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளில் முப்பது கிராம் கடலையோ வாதுமையோ, அதாவது ஒரு சிறு கைப்பிடி; ஐம்பது கிராம் தேங்காய்த் துருவல். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 350 கலோரி. தேங்காயின் கொழுப்பு பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு ஆதலின், கொலஸ்டிரால் மிகுந்தவர் அதனைக் குறைத்து, இவ்வட்டாரக் கடைகளில் அல்சி என்றும் அக்ரோட்டு என்றும் கேட்டால் கிடைக்கும் ஆளிவிதையையும் வால்நட்டையும் கொள்வது நன்று. கொட்டைகளை முழுதாக மென்று உண்க. கிண்ணத்தில் எடுத்து வைத்து உண்க. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உண்ணற்க.

பச்சை என்பதற்காக எல்லாவற்றையும் பச்சையாக உண்ணலாகாது. ராஜ்மாவில் உள்ள நஞ்சு, ஊறவைத்து நன்கு கொதிக்க வைத்தால்தான் நீங்கும். மரவள்ளிக் கிழங்கும் அவ்வாறே வேகவேண்டியது. பூஞ்சை பிடித்த கடலையையும் கசக்கும் கடலையையும் எறிந்துவிடுக. அதன் நஞ்சு ஈரலைத் தாக்கும். கீரையைத் தூய நீரில் பலமுறை அலசுக. மழைக்காலத்தில் பச்சைக் கீரையைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

பெரியோர்களே! வள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் ஒரு மூலிகையின் பெயரும் இல்லை. பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியதே. கொழுப்பு நம் பகையும் அன்று. பச்சை உணவு மந்திரமும் அன்று. பசித்து உண்பவரை, உழைத்து உண்பவரை, போதும் என்று சொல்லத் தெரிந்தவரைக் கொழுப்பு காக்கும். மற்றவர் மேனியில் அது தங்கிவிடும். எத்தனை கிலோ குறைந்தோம் எனக் கேட்பதற்கு முன், மாடிப்படி ஏறும்போது மூச்சு எவ்வாறு உள்ளது, இரவில் உறக்கம் எவ்வாறு உள்ளது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோமாக.

பந்தி காத்திருக்கிறது. இன்று விழா, வடையை மறுப்பது விருந்தறம் ஆகாது. அளவை மட்டும் மறவாதிருப்போம்.